நாவல்மலைப் பதிவேடும் அதன் கொடையாளரும்

ஜீவராஜுக்கு வாழ்க்கையில் அதுவரை ஒரே ஒரு தடவைதான் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். அதற்குப் பதிலாக அவன் கொடுத்தது ஏழு பெரிய பதிவேடுகள். அந்த ஏழும் அவனுடையவை அல்ல.

நாவல்மலைத் தோட்டத்து ஆபீசில் இருபத்தெட்டு வருடம் பியூனாக இருந்தவன் அவன். புதிதாக வந்த தொரை, கம்ப்யூட்டர் இருக்கும்போது பழைய புத்தகங்கள் எதற்கு, கொளுத்திவிடு என்றார். தோட்டத் தலைவரும் நாலு பெரிய மனிதர்களும் ஓடிப்போய்க் கெஞ்சி, பிள்ளைப் பேறு எழுதிய புத்தகங்களை மட்டும் மீட்டு வந்து கோயில் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அரசாங்கப் பதிவு கிடையாது. பிறந்த மூன்றாம் நாள் தோட்டத்து டாக்டரையா தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்து, அந்தப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போவதோடு சரி. பாதித் தோட்டம் இந்தப் பூமியில் பிறந்ததற்கு அந்த இரண்டு வரியைத் தவிர வேறு சாட்சி இல்லை. சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து, ஜீவராஜிடம் கொடுத்தார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நீல நிற வேன் ஒன்று பேனர் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தது. "மாவட்ட சமூக கலாசார வரலாற்று ஆவண நூலகம்" என்று பேனரில் இருந்தது. இறங்கியவர்கள் ஜீவராஜை "ஐயா" என்று கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. இருபத்தெட்டு வருடம் "டேய்" என்றும் "அடேய் பியூன்" என்றும் கேட்டுப் பழகிய காது அது. அரை மணி நேரத்தில் பொன்னாடை போர்த்தி, "வரலாற்றுக் காவலர்" என்று பட்டம் கொடுத்து, படம் எடுத்து, மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கி, ஏழு பதிவேடுகளையும் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் கேட்டவர்களிடம், "கம்பெனி ஆளுங்க வந்து கொழும்புக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்றான் ஜீவராஜ். லயமே கூடித் தோட்டத்தை நடத்தும் கம்பெனியைத் திட்டியது. கம்பெனி ஏற்கெனவே சுமந்த பாவங்களோடு இதையும் சுமந்தது. பொன்னாடை அவன் பெட்டிக்குள் போனது.

இந்த வருடம் சந்திரகாந்தாவுக்குப் பாஸ்போட் தேவைப்பட்டது.

அவளுக்கு அறுபத்தாறு வயது. அவளுடைய ஒரே அக்கா மாரியாயி, எழுபத்திரண்டாம் வருடம் இந்தியாவுக்குப் போனவள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய் விழுந்தவள். அன்று பிரிந்தவர்கள் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இப்போது மாரியாயிக்கு ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. வாய் மட்டும் குழறலாக இருக்கிறது. மருமகள் போனைப் பிடித்துக்கொள்ள, தினமும் அவள் கேட்பது ஒன்றுதான். "எப்ப வர்ற சந்திரா?"

பாஸ்போட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது எடுக்க, பிறந்ததற்கு ஏதாவது எழுத்து வேண்டும். பிரதேச செயலகத்தில் ஒரு பெண், "தோட்டத்துப் பழைய பதிவேடெல்லாம் மாத்தளை டவுன்ல ஆவண நூலகத்துல இருக்கு. ஒரு பிரதி எடுத்து முத்திரை வச்சுட்டு வாங்க, போதும்" என்று சொல்லி அனுப்பினாள்.

சந்திரகாந்தா நேராக லயத்தில் ஜீவராஜ் இருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தாள்.

"தம்பி, கொழும்புக்குப் போன பொஸ்தகம் மாத்தளையில இருக்காம்ல. எப்புடி வந்துச்சு?"

"கொழும்புல எடம் இல்லாம அனுப்பியிருப்பாங்க அக்கா."

"நீதான் அந்தப் பொஸ்தகத்த எல்லாம் பார்த்தவன். கூட வா சாமி. எனக்கு டவுன்ல வாயே வராது."

மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் அவள் அவனுக்கு வடை வாங்கிக் கொடுத்தாள். அவன் அதைக் காகிதத்தோடு மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆவண நூலகம் மூன்று மாடிக் கட்டடம். வாசலில், "வரலாறு உறங்குகிறது. அமைதி காக்கவும்" என்று எழுதியிருந்தது. உள்ளே வரவேற்பு மேசையில் அம்றா என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தாள். அவள் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"இரிங்கம்மா. ஆய்வுத் தலைப்பு செல்லுங்க."

"தலைப்பா? நான் எப்பப் பொறந்தேன்னு பார்க்கணும் புள்ள."

அம்றா சிறிது நேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினாள்: "மலையகப் பெண்களின் பிறப்பு: ஒரு தனிநபர் நோக்கு." பிறகு சந்திரகாந்தாவின் கழுத்தில் "ஆய்வாளர்" என்ற அட்டையைத் தொங்கவிட்டாள். ஜீவராஜுக்கு "ஆய்வு உதவியாளர்" கிடைத்தது. சந்திரகாந்தா அந்த அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எந்த ஆய்வாளரும் முதலில் பணிப்பாளரின் அறிமுக உரையைக் கேட்க வேண்டும் என்பது விதி. ஆகவே இருவரையும் முதல் மாடி மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். சுவர் நிறையப் படங்கள். மூன்றாவது படத்தில் பொன்னாடையின் ஓரம் தெரிந்தது. ஜீவராஜ் பாய்ந்துபோய் அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

"ஒக்காரு தம்பி."

"இடுப்பு வலி அக்கா. நிக்கிறதுதான் சொகம்."

பணிப்பாளர் மகேஸ்வரன் வந்தார். இரண்டு பேர் இருந்த மண்டபத்தில் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"அன்பார்ந்த ஆய்வாளர் பெருமக்களே. நாங்கள் இந்த மக்களின் வரலாற்றை இந்த மக்களிடமிருந்து காப்பாற்றியிருக்கிறோம். எங்களுக்கு முன்பு இந்தப் பதிவேடுகள் எந்த நிலையில் இருந்தன? யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும் நிலையில் இருந்தன. கூலித் தொழிலாளி ஒருவர் வந்து தன் மகன் பிறந்த நாளைப் பார்ப்பார். எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். எத்தகைய அபாயம். இன்று நிலைமை என்ன? கடந்த நான்கு ஆண்டுகளில் ஒரு பதிவேட்டைக்கூட ஒருவரும் திறக்கவில்லை. நான் உட்பட. இந்தச் சாதனைக்காக எங்களுக்கு விருது கிடைத்திருக்கிறது."

அவர் கைதட்டலுக்கு நிறுத்தினார். சந்திரகாந்தா கைதட்டினாள். ஜீவராஜ் முதுகை எடுக்காமல் தட்டினான்.

உரை முக்கால் மணி நேரம் நடந்தது. முடிந்ததும் சந்திரகாந்தாவின் கைகளைப் பரிசோதித்தார்கள். விரல்களில் கொழுந்துக் கறை ஐம்பது வருடமாக ஏறியிருந்தது. காகிதத்துக்கு அது ஆபத்து என்று ஒருவர் சொன்னார். ஆனால் கறை தன்னளவில் ஓர் ஆவணம் என்று இன்னொருவர் சொன்னார். இருவரும் விவாதித்து, அவள் கைகளை இரண்டு பக்கமும் படம் எடுத்து, அதற்கு ஒரு எண் கொடுத்தார்கள். கையைப் பதிவு செய்தாகிவிட்டது. இனி அவள் பதிவைப் பார்க்கலாமா என்று ஜீவராஜ் கேட்டான்.

பணிப்பாளர் புன்னகை செய்தார். "அம்மா எந்த ஆண்டு?"

"அம்பத்தொன்பதுன்னு அக்கா சொல்லுவா."

"அப்படியானால் இரண்டாயிரத்து முப்பத்துநாலில் வாருங்கள். தனிநபர் பதிவுகளை எழுபத்தைந்து ஆண்டுகள் மூடி வைக்க வேண்டும். அந்த நபரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக."

"எந்த நபரு ஐயா?"

"பதிவில் இருப்பவர்."

"அது நான்தானே."

"அதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

"இருக்குங்க. அந்தப் பொஸ்தகத்துல."

"அதைத்தான் திறக்க முடியாது என்கிறேன். பதிவில் இருப்பவரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு, அவர்தான் அவர் என்று காட்டும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுவாருங்கள். உடனே திறக்கலாம்."

கீழே வந்ததும் அம்றா குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, விதி ஒன்பதுல ஒரு வழி இரிக்கு. பொஸ்தகத்த யாரு அன்பளிப்பாத் தந்தாங்களோ அந்தக் கொடையாளரு எப்ப வேணும்னாலும் வந்து தொறந்து பார்க்கலாம். பிரதியும் எடுக்கலாம். அவருக்கு எழுபத்தஞ்சு வருசக் கணக்கெல்லாம் இல்ல."

"யாரு புள்ள அந்த மகராசன்?"

"பேரு செல்லக் கூடாது. அவருட அந்தரங்கம். ஆனா போட்டோ மேல மண்டபத்துல தொங்குது, போய்ப் பாருங்க."

"பஸ் போயிரும் அக்கா" என்றான் ஜீவராஜ். அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டி வந்துவிட்டான். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இருவரும் நிழலில்லாத இடத்தில் நின்றார்கள்.

"எவனோ ஒரு கழுத தூக்கிக் குடுத்திருக்கான் பாரு" என்றாள் சந்திரகாந்தா. "அவன் புள்ளகுட்டி நல்லா இருக்கட்டும். அதுக என்ன பாவம் செஞ்சுச்சு. அவன் நாக்கு மட்டும் அழுகட்டும்."

ஜீவராஜ் வாயை மூடிக்கொண்டு நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தான். சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. சொல்லவேண்டிய நாக்கு அது. சொன்னால் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது. தலைவர் முகத்தில் விழிக்க முடியாது. இந்த அக்காவின் கையால் டீ குடிக்க முடியாது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். அந்த நாளை ஒரு வாரம் நீண்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் மறுபடி போனார்கள். பணிப்பாளர் இந்தத் தடவை மிகவும் அன்பாக இருந்தார். பதிவைக் காட்ட முடியாது, ஆனால் அம்மாவின் வாழ்க்கையையே பதிவு செய்ய முடியும் என்றார். "நீங்கள் இனி ஒரு வாய்மொழி மூலாதாரம்" என்றார்.

கண்ணாடி அறையில் அவளை உட்காரவைத்து, சட்டையில் ஒரு மைக்கைக் குத்தி இரண்டு மணி நேரம் பேசவைத்தார்கள். அவள் அக்காவைப் பற்றியே பேசினாள். ஒரே கம்பிளியில் இருவரும் படுத்ததை, அக்கா தன் பங்கு ரொட்டியைத் தனக்குப் பிய்த்துத் தந்ததை, மாத்தளை ஸ்டேஷனில் ரயில் புறப்பட்டபோது அக்கா ஜன்னலில் இருந்து எதையோ சொன்னதை, இரைச்சலில் அது கேட்காமல் போனதை எல்லாம் சொன்னாள். "அன்னைக்கு என்ன சொன்னன்னு அவகிட்ட நேர்ல கேட்கணும்னு இருக்கேன். போன்ல கேட்டா அழுதுருவா" என்றாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற ஜீவராஜுக்கு எல்லாம் கேட்டது.

முடிந்ததும் ஒரு படிவத்தில் கைநாட்டு வாங்கினார்கள். அவள் சொன்ன கதை இனி நிறுவனத்துக்குச் சொந்தம் என்றும், அதுவும் எழுபத்தைந்து வருடம் மூடி வைக்கப்படும் என்றும் அதில் இருந்தது.

பஸ்ஸில் வரும்போது, "அக்கா அப்பவே நல்லாப் பாடுவா தம்பி..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். "இத இனி நான் ஒங்கிட்டச் சொல்லலாமா, கூடாதா?"

"சொல்லலாம் அக்கா."

"வேணாம். கைநாட்டு வச்சுட்டேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜீவராஜ் தலைவலி மாத்திரை வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாக ஆவண நூலகத்துக்குப் போனான். யாருக்கும் தெரியாமல் பிரதியை எடுத்துக்கொண்டுபோய், எங்கேயோ கிடைத்தது என்று சொல்லி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். பாவமும் தீரும், பேரும் கெடாது. அவன் போட்ட கணக்கு அதுதான்.

கொடையாளர் அவன்தான் என்று பணிப்பாளர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. படத்தைக் காட்டினான். அப்போதுதான் ஜீவராஜும் அந்தப் படத்தை முதல் முறை ஒழுங்காகப் பார்த்தான். பணிப்பாளர் முழுதாக நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு காதும் ஒரு தோளும் பொன்னாடையும் இருந்தன. இந்தக் காதை மறைப்பதற்காகவா முக்கால் மணி நேரம் முதுகு வலிக்க நின்றோம் என்று இருந்தது.

கையெழுத்தைப் போட்டுக் காட்டிய பிறகு பணிப்பாளர் நம்பினார். ஆனால் விதி ஒன்பதுக்கு ஓர் உபவிதி இருந்தது. பிரதி இன்னொருவருக்காக என்றால், கொடையாளரும் பயனாளியும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில் இருக்க வேண்டும். கொடையாளர் இன்னார் என்று பயனாளிக்கு உரத்த குரலில் அறிவிக்க வேண்டும். கையளிக்கும் காட்சியைப் படம் எடுக்க வேண்டும்.

"அறிவிக்காம ஒண்ணும் செய்ய முடியாதுங்களா? அந்தரங்கம்னு சொன்னாங்களே."

"அது பிரதி கேட்பதற்கு முன்பு ஐயா. வெளிப்படைத்தன்மை எங்கள் உயிர்" என்றார் பணிப்பாளர். கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார்.

ஜீவராஜ் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இப்போது உண்மையிலேயே தலை வலித்தது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பஸ் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது சந்திரகாந்தாவின் போன் அடித்தது. மாரியாயியின் முகம் தலையணையில் ஒரு பக்கமாகச் சரிந்து தெரிந்தது.

"எப்ப வர்ற சந்திரா?"

"வந்துருவேன்க்கா. ஆபீசுல ஆபீசுலயா அலையுறேன். இந்தா, இந்தத் தம்பிதான் அவன் பொழப்ப விட்டுட்டு எங்கூட நடக்குது. ரெண்டு வார்த்த பேசு."

போன் ஜீவராஜின் கைக்கு வந்தது. அந்தக் கிழவி அவனை ஒற்றைக் கண்ணால் நீண்ட நேரம் பார்த்தாள். வார்த்தை மெதுவாக வந்தது. "நீ... நல்லா இருப்பய்யா. ஒன் கை... நல்லா இருக்கணும்."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டது அந்தக் கைதான்.

அன்று வரவேற்பு மேசைக்கு முன்னால், பணிப்பாளர் படியிறங்கி வந்துகொண்டிருக்கும்போது, ஜீவராஜ் சொன்னான். உரத்த குரல் வேண்டும் என்று விதியில் இருந்தது. அவன் குரல் அவன் காதுக்கே கேட்கவில்லை.

"அக்கா, பொஸ்தகத்தக் குடுத்தது நான்தான். கம்பெனி இல்ல. எம்மேல பொன்னாடை போத்துனாங்க. அதுக்குக் குடுத்துட்டேன்."

சந்திரகாந்தா அவனைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பணிப்பாளர் கைகளை விரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அறிவித்துவிட்டார். கொடையாளர் தன்னை அறிவித்துவிட்டார்."

பிறகு எல்லாம் மிக வேகமாக நடந்தது. எழுபத்தைந்து வருடம் மூடியிருக்க வேண்டிய கதவு பத்தே நிமிடத்தில் திறந்தது. அலுமாரியில் அடுக்கி வைத்திருந்த பொன்னாடைகளில் ஒன்று வந்து ஜீவராஜின் தோளில் விழுந்தது. "வேணாங்க, நான் தப்பு செஞ்சவன்" என்றான் அவன். "பெரியவர்கள் இப்படித்தான் பணிவாகப் பேசுவார்கள்" என்று பணிப்பாளர் ஊழியர்களிடம் விளக்கினார். "இவர் போன்றவர்கள் மக்களின் கையிலிருந்து எடுத்துத் தராவிட்டால் எங்களிடம் வரலாறே இருந்திருக்காது." ஊழியர்கள் கைதட்டினார்கள். அம்றா மட்டும் தட்டவில்லை. பிரதி எடுக்கும் இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்றாள்.

பதிவு அங்கே இருந்தது. பேர் வைப்பது முப்பதாம் நாள், டாக்டரையா வருவது மூன்றாம் நாள். ஆகவே பேர் இருக்கவில்லை. "பெண் பிள்ளை, சுகம்" என்று இருந்தது. தகப்பன் பேர், தாய் பேர், நாலாம் லயம், பதினோராம் காம்பரா, தேதி.

"அம்மா கொஞ்சம் சிரியுங்கள். கையளிக்கும்போது சிரிக்க வேண்டும்" என்றார் படம் எடுத்தவர். சந்திரகாந்தா காகிதத்தின் ஒரு முனையையும் ஜீவராஜ் மறு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் சிரிக்கவில்லை. நான்கு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, பணிப்பாளர் சிரித்த படமே போதும் என்று முடிவு செய்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் முன் சீட்டில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவன் கடைசி சீட்டில் உட்கார்ந்தான். தோட்டத்தில் இறங்கியதும் அவள் தன் லயத்தை நோக்கி நடந்தாள். அவன் பின்னாலேயே நின்றான். ஒரு வசவாவது கிடைக்கும் என்று பார்த்தான். அதுவும் கிடைக்கவில்லை. யாரிடமும் அவள் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் தலைவர் வந்து நாலு கேள்வி கேட்டிருப்பார், அவனுக்கும் பாரம் இறங்கியிருக்கும்.

ஒரு மாதத்துக்குள் சான்றிதழ், பாஸ்போட், விசா எல்லாம் வந்தன. சந்திரகாந்தா கோத்தகிரிக்குப் போனாள். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தாள். வந்து இரண்டு நாள் கழித்து, ஜீவராஜ் தைரியத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு அவள் பிறந்து இன்னும் குடியிருக்கும் பதினோராம் காம்பராவின் வாசலில் போய் நின்றான். அவள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்காவப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அவளும் பார்த்தா. கையப் புடிச்சுக்கிட்டா."

"பேசுனாங்களா?"

"இல்ல." அவள் ஒரு தண்டை ஒடித்தாள். "நான் போறதுக்குப் பதினோரு நாளைக்கு முந்தி வாய் நின்னு போச்சாம். போன் எடுக்குறப்பல்லாம் தூங்குறாங்கன்னு மருமக சொல்லிட்டு இருந்தா. நான் பயந்துருவேன்னு."

ஜீவராஜ் போகலாம் என்று காலை எடுத்தான்.

"இரு" என்றாள் அவள். "ஒண்ணு கேட்கணும். குடுத்தவன் வந்தாத் தொறந்து காட்டுவாங்கன்னு மேசையில இருந்த அந்தச் சோனகப் புள்ள சொன்னது மொத நாள்தானே?"

"மொத நாள்தான்."

"அப்பவே ஒனக்குத் தெரியும், குடுத்தவன் நீன்னு."

அன்றைக்குத் தனக்குப் புரியவில்லை என்று சொல்லலாம். விதி ஒன்பது சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அவள் நம்பக்கூடும். நாக்கு நுனியில் இரண்டு பொய்கள் தயாராக இருந்தன.

"தெரியும் அக்கா."

"நீ வாயத் தொறந்தது எப்ப?"

"மூணாவது செவ்வாக்கெழம."

சந்திரகாந்தா கீரையைக் கீழே வைத்தாள். கறை படிந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள். ஒரு வாரம், இரண்டு வாரம், அதில் பதினோரு நாள் போக என்று உதடு அசைந்தது. எண்ணி முடித்து அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப மூணு நாள் கெடச்சிருக்கும்" என்றாள். "மூணு நாள் அவ பேசியிருப்பா."